கூரையில் ஒரு கொக்கி

காரிலிருந்து ஏசியைக் கழற்றிய அன்று சாயங்காலம், பல் டாக்டரின் மகளுக்கு எப்போதோ விழுந்துபோன பால் பற்கள் திரும்ப முளைத்தன. அவற்றின் இடத்தில் வந்திருந்த பெரிய பற்கள் ஈறுக்குள் போய்விட்டன. டாக்டர் மகளை நாற்காலியில் சாய்த்து, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். பால் பல்தான், ஆட்டமில்லை, சொத்தையில்லை என்று சொல்லிவிட்டு, கழற்றிய ஏசியைப் பழைய துணியில் சுற்றிவைக்கப் போனார். அவருடைய மனைவி மட்டும் மகளின் பாவாடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போன மாதம்தான் மடிப்பைப் பிரித்து நீளமாக்கியிருந்தாள். இப்போது அது தரையில் புரண்டது.

அந்தக் கார் டாக்டரின் அப்பா வாங்கியது. டாக்டர் பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதால், அப்பா அதை மூத்த பிள்ளை என்றுதான் சொல்வார். கரும்பச்சை நிறம், உருண்டை விளக்கு, முன்னால் மூன்று பேர் உட்காரும் ஒரே நீள இருக்கை. இரண்டாவது பிள்ளையான டாக்டர் பிறந்து, ஓடுகிற காரில் தவிர வேறெங்கும் தூங்கமாட்டேன் என்று அடம்பிடித்தபோது, அப்பா காரின் கூரையில் துளைபோட்டு ஒரு கொக்கியை முடுக்கி, அதில் கூடையைத் தொங்கவிட்டு ஊரைச் சுற்றினார். அப்பாவின் காலத்துக்குப் பிறகு இருக்கை கிழிந்தது. அதைத் தைக்க வந்த பெண், இந்த நீள இருக்கையில் உட்கார்ந்தால் யார் இடுப்பும் உருப்படாது என்று சொல்லி, அதை இரண்டாக வெட்டித் தனித்தனி இருக்கைகளாகத் தைத்தாள். தைத்து முடிப்பதற்குள், ஓர் இருக்கையில் அவளே உட்கார்ந்தால் தேவலை என்று டாக்டருக்குத் தோன்றிவிட்டது; அவளையே கட்டிக்கொண்டார். மகள் பிறந்ததும் பின்னால் பெல்ட் வந்தது. அவள் நடக்க ஆரம்பித்தபோது, மனைவி ஓட்டுவதற்கு வசதியாக லேசாகத் திரும்பும் ஸ்டியரிங் வந்தது. ஒரு கோடையில் குழந்தை மயங்கி விழ, ஏசி வந்தது. காரில் இருந்த ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னாலும் வீட்டு ஆள் ஒருவர் இருந்தார்.

வினையைக் கொண்டுவந்தது பழைய கார்க்காரர்கள் சங்கம். அதன் தலைவரிடம் இருந்த கார்கள் எல்லாம் தொழிற்சாலை வாசலில் நேற்று வந்து நின்றவை மாதிரி இருந்தன. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் அவற்றில் ஓர் அந்நியத் திருகாணி கிடைக்காது. அவர் டாக்டரின் காரை ஒருமுறை சுற்றிவந்து, இது கார் இல்லை, ஒட்டுப்போட்ட சட்டை என்றார். டாக்டருக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. ஊரில் பாதிப் பேருக்குப் பொய்ப்பல் கட்டிக் கொடுத்தவர், தன் காரில் மட்டும் பொய்யே இருக்கக்கூடாது என்று கிளம்பினார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

தலைவர் ஒருநாள் டாக்டரையும் மனைவியையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். பெரிய வீடு. அவர் ஒண்டிக்கட்டை. எப்போதுமே அப்படித்தான் என்று அவரும் சொன்னார், ஊரும் சொன்னது. ஆனால் மேஜைமேல் ஆறு தட்டு வைத்தார். விருந்தாளிகளும் அவரும் உட்கார்ந்த பிறகும் மூன்று தட்டு காலியாகக் கிடந்தது. மாடிப்படிக்கு அடியில் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று இருந்தது. யாருடையது என்று டாக்டரின் மனைவி கேட்டதற்கு, அது வீட்டோடு வந்திருக்கும் என்று சொல்லிவிட்டுத் தலைவர் கார்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் அந்தக் காலித் தட்டுகளையே எண்ணிக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் டாக்டர் ஸ்டியரிங்கைக் கழற்றிப் பழையதை மாட்டினார். மறுநாள் காலை மகள் கட்டிலைவிட்டு இறங்கத் தெரியாமல் அழுதாள். நேற்றுவரை பாடப்புத்தகத்தைக் கடகடவென்று வாசித்தவள், அம்மா என்ற ஒரு சொல்லைத்தான் மழலையில் சொன்னாள். அலமாரியில் அவளுடைய பென்சில்கள் சீவப்படாத புதுப் பென்சில்களாக நீண்டிருந்தன. பள்ளியில் அவளை யாரும் தேடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எப்போது நடப்பாள் என்று வெகு இயல்பாக விசாரித்தாள். ஆனால் தையல்காரியான அம்மாவின் கண்ணை ஏமாற்ற முடியாது. குழந்தையை அளவெடுத்துப் பார்த்துவிட்டு, அவள் நேராகக் கார் கொட்டகைக்குப் போனாள். டாக்டர் பின்சீட்டு பெல்ட்டின் முதல் திருகாணியைக் கழற்ற உட்கார்ந்திருந்தார். எங்கிருந்தோ தேடிப்பிடித்த நீள இருக்கை, அசல் உறையோடு, சுவரில் சாய்ந்திருந்தது.

"அந்த பெல்ட்ட எடுத்தா அவ இல்லைங்க. இந்த சீட்ட எடுத்தா நான் இல்ல," என்றாள். "அப்புறம் நீங்களும் ஆறு தட்டு வச்சுட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

டாக்டர் கெட்டவர் இல்லை. பிடிவாதக்காரர், அவ்வளவுதான். குழந்தையை வாங்கி வாயைத் திறந்து பார்த்தார். நாலே நாலு பல். திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, பெல்ட்டையும் இருக்கையையும் தொடமாட்டேன் என்று மகள் தலையில் கைவைத்துச் சொன்னார். மகளுக்காக ஸ்டியரிங்கையும் ஏசியையும் திரும்ப மாட்டிவிடுவதாகவும் ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஆசை விடவில்லை. ஒன்றையாவது அசல்படி ஆக்கிவிட்டால் மனசு ஆறும் என்றார். "அந்தக் கொக்கி அப்பா வேலை. உனக்கும் பாப்பாவுக்கும் ரொம்ப முன்னாடி. அதை எடுத்தா உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகாதே?"

அவள் யோசித்தாள். தன்னை எண்ணினாள், மகளை எண்ணினாள். "கொக்கிதானே, எடுத்துக்கோங்க," என்று சொல்லி, கூரைத் துணியைத் தைக்க வளைந்த ஊசியையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

டாக்டர் கொக்கியைக் கழற்றினார். பல் குழியை அடைக்கிற அதே நேர்த்தியோடு துளையை அடைத்து, தேய்த்து, துணியை இழுத்துத் தைத்தார். காருக்குள்ளேயிருந்து அவர் சீட்டி அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. அவள் தண்ணீர் கொண்டுபோனபோது கார் காலியாக இருந்தது. ஊசி இருக்கைமேல் கிடந்தது. அதே நிமிஷத்தில் ஊரில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். அவர் கட்டிய பற்கள் ஒன்றுகூட யார் வாயிலும் இல்லை. யார் கட்டிய பல் என்பதும் யாருக்கும் ஞாபகமில்லை. அவர் பல் பார்த்த அறையில் வெறும் தூசி இருந்தது. கார் டாக்டருக்கு மூத்தது, கொக்கி வந்ததே அவருக்காக என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூத்த பிள்ளை என்று மாமனார் சொன்னதை எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டே ஊராரிடம் சொன்னவள் அவள்தான். கொட்டகைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்ததும் எழுந்து வேலையைப் பார்த்தாள். மெக்கானிக்கை அழைத்து ஸ்டியரிங்கை மாட்டினாள், மகள் நடந்தாள். ஏசியை மாட்டினாள், பால் பற்கள் விழுந்தன. தலைவர் வந்து, புருஷன் இல்லாத பெண் இவ்வளவு நல்ல காரைக் கெடுக்கலாமா என்று வருத்தப்பட்டார். உங்கள் கார்களில் ஏதாவது ஒன்றில் ஒரு துளை போட்டுப் பாருங்கள், சைக்கிளுக்கு ஆள் வந்தாலும் வரும் என்றாள். அவர் முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே அவள் துணியைப் பிரித்து, அடைத்த இடத்திலேயே கூரையைத் துளைத்து, கொக்கியை முடுக்கினாள். பின்சீட்டில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. வாயைத் திறந்து பார்த்தாள், ஒரு பல்கூட இல்லை. கூடையைக் கொக்கியில் மாட்டி, மகளை முன்னால் உட்காரவைத்து, குழந்தை தூங்கும்வரை ஊரைச் சுற்றினாள்.

பையன் வளர்கிறான். இவளை அம்மா என்று கூப்பிடுகிறான். முதல் தடவை அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது பழகிவிட்டது. பொம்மைகளை அவை வந்த அட்டைப்பெட்டியிலேயே திருப்பி வைக்கிறான், மற்றவர்கள் தொட்டால் பிடிக்காது. காரில் ஏறினால் போதும், இருக்கைமேல் நின்று, எட்டாத கையை நீட்டி, கூரைக் கொக்கியைத் திருகிப் பார்க்கிறான். அவள் போன மாதம் அதை வெல்டிங் வைத்துவிட்டாள்.