மாப்பிள்ளைக்குச் செடி பார்த்தது

இதில் எனக்குச் சந்தேகமுள்ள இடம், அவருடைய நாக்கு உண்மையில் எவ்வளவு வீங்கியது என்பதுதான். எலுமிச்சம்பழ அளவு என்று முதலில் கேட்டதாக ஞாபகம். சொல்பவர்கள் வாயில் அது வளர்ந்து வளர்ந்து இப்போது தேங்காய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. நான் பாக்கு அளவுக்கு மேல் போவதாக இல்லை. மற்றதெல்லாம் நடந்தபடிதான் இருக்கும் என்று நம்புகிறேன். வரிசை வேண்டுமானால் முன்பின்னாக இருக்கலாம்.

அவர் பிஸ்கட் தொழிற்சாலையில் ருசி பார்ப்பவர். அடுப்பிலிருந்து இறங்கும் சரக்கில் ஒன்றை எடுப்பார். வெதுவெதுப்பான நீரில் வாய் கொப்பளித்து, முன்பல்லால் ஒரு நறுக்குக் கடித்து, நாக்கின் ஓரத்தில் வைத்திருந்து, கிண்ணத்தில் துப்புவார். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசமாட்டார். அந்த மௌனத்துக்கு முதலாளியே பயப்படுவார். தலையசைத்தால் சரக்கு கடைக்குப் போகும். உதட்டைப் பிதுக்கினால் மாட்டுத் தீவனத்துக்குப் போகும். நல்லது கெட்டதைப் பிரிக்க மனிதனுக்கு நாக்கை விட்டால் நம்பகமான கருவி வேறில்லை என்பது அவர் கட்சி.

வீட்டில் மனைவி, மகள், ஒரு பல்லி. சுவரில் ஓடும் பல்லி அல்ல. மகள் ஆசையாக வளர்ப்பது. உள்ளங்கை நீளம், பழுத்த இலையின் நிறம், கண்ணாடித் தொட்டியில் வாசம். பகலெல்லாம் தூங்கும், இருட்டினால் விழிக்கும், வேளைக்குப் பூச்சி வந்துவிட வேண்டும், ஒரு துரும்பைக் கிள்ளி அந்தப் பக்கம் போடாது. “வீட்டோட மாப்பிள்ளை” என்றாள் மனைவி. பெயர் ஒட்டிக்கொண்டது. மகளுக்கு எரிச்சல்; அவருக்குப் பிடித்திருந்தது. வேலையிலிருந்து வந்ததும் “மாப்பிள்ளை சாப்பிட்டாரா?” என்றுதான் முதலில் கேட்பார். இமையில்லாத கண்ணை அது தன் நாக்காலேயே நக்கித் துடைத்துக்கொள்வதை முதன்முதலில் பார்த்த அன்று, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

“இவரும் நம்ம தொழில்தான்” என்றார்.

அன்றிலிருந்து மாலை நேரங்களில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒன்றும் பேசாமலிருப்பது வழக்கமாயிற்று.

மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. விடுதியில் பிராணிகள் கூடாது. பல்லியை எடுத்துக்கொள்ள அவளுடைய தோழி ஒருத்தி தயாராக இருந்தாள். அப்பாவிடம் விட்டுப் போக மகளுக்குத் தைரியம் வரவில்லை. முன்பு வீட்டில் மீன்கள் இருந்தன. அவர் பாசத்தோடு பிஸ்கட் தூள் போட்டார். பிறகு மீன்கள் இல்லை. அவரும் வற்புறுத்தவில்லை. உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டார். ஆனால் மறுநாள் குழம்பில் உப்பில்லை என்பதைச் சொல்லாமலே சாப்பிட்டு எழுந்தார். மனைவிக்கு அப்போதுதான் விஷயத்தின் கனம் புரிந்தது.

மனைவி நடுவில் புகுந்து பேச, மகள் ஒரு பரீட்சை வைத்தாள். தொட்டியிலிருக்கும் பிளாஸ்டிக் செடிகளின் ஓரம் பல்லியின் தோலைக் கீறுகிறது. அதை எடுத்துவிட்டு உயிர்ச்செடி வைக்க வேண்டும். அவள் ஒரு வாரம் பயிற்சிக்குப் போய்த் திரும்புவதற்குள், பல்லிக்குக் கேடு செய்யாத செடிகளாக அவரே பார்த்து நட்டுவைத்திருந்தால் மாப்பிள்ளை இங்கேயே இருக்கலாம். தப்பினால் தோழி வீடு. யாரிடமாவது கேட்டுச் செய்யும்படி சொல்லிவிட்டுத்தான் போனாள். அவரும் தலையாட்டினார். நாக்கை வாயில் வைத்துக்கொண்டு ஊரில் போய் வழி கேட்பானேன் என்று நினைத்துக்கொண்டார்.

நர்சரிக்காரம்மா, செடி எந்த இடத்துக்கு என்று கேட்டார்.

“மாப்பிள்ளை ரூமுக்கு.”

“வெளிச்சம் நல்லா வருமா?”

“வெளிச்சம் அவருக்கு ஆகாது. பகல்ல தூங்குவார். ராத்திரிதான் சுவத்துல ஏறுவார்.”

அந்தம்மா பூவாளியைக் கீழே வைத்தார்.

“கல்யாணத்துக்கு முன்னாடி விசாரிக்கலையாய்யா?” என்றார், மெதுவாக.

“தங்கமானவர்” என்றார் அவர்.

மேற்கொண்டு எதுவும் கேட்க அந்தம்மாவுக்கு மனம் வரவில்லை. அவரே நான்கு செடிகளைப் பொறுக்கிக்கொண்டார்: சுருள் சுருளாக ஒரு பெரணி, ஒரு மணி பிளான்ட், கத்தியாக நிமிர்ந்து நிற்கும் ஒன்று, பிறகு பச்சையில் வெள்ளை தெளித்தாற்போல் அகலமான இலையுள்ள ஒன்று.

சமையலறையில் நான்கையும் வரிசையாக வைத்தார். வெந்நீரில் வாய் கொப்பளித்தார். அழகில் முந்தியது வெள்ளைத் தெளிப்புதான் என்பதால் அதிலிருந்து தொடங்கினார். முன்பல்லால் ஒரு நறுக்கு, நாக்கின் ஓரம். ஒரு பொட்டலம் ஊசியைப் பிரித்து வாயில் கொட்டியது போலிருந்தது. துப்பினார். ஊசிகள் வெளியே வரவில்லை.

மனைவி வந்தபோது அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், வாய் மூடாமல். இலையைக் காட்டினார், பல்லியைக் காட்டினார், நாக்கைக் காட்டினார்.

“மூணையும் பார்த்துட்டேன்” என்றாள் மனைவி. “இதுல யாரு யாரைக் கடிச்சாங்க?”

ஆனால் அதைக் கேட்கும்போதே ஆட்டோவுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். தொண்டை அடைக்கவில்லை, மூச்சு சீராக இருக்கிறது என்று பார்த்தபிறகே டாக்டர் கதை கேட்டார். மாப்பிள்ளைக்கு ஒத்துக்குமா என்று பார்த்தாராம் என்றாள் மனைவி. அந்த மாப்பிள்ளையே கடித்துப் பார்த்திருக்கலாமே என்றார் டாக்டர். அவருக்கு வாய் சின்னது என்றாள். ஊசி ஒன்று, ஐஸ் கட்டி, குளிர்ந்த பால், பேச்சுக் கூடாது. கடைசிச் சொல்லைக் கேட்டு, அது பழக்கம்தான் என்பதுபோல் அவர் கையசைத்தார்.

தொழிற்சாலைக்கு விடுப்பு. அந்த நாட்களில் முதலாளியே ருசி பார்த்தார். எல்லாமே அவருக்குப் பிரமாதமாக இருந்தது.

வெள்ளைத் தெளிப்பை மாடிப்படிக்கு வெளியேற்றியாயிற்று. மீதி மூன்றையும் கடிக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. நாக்கு அடங்கியபின், பெரணி இலையை நுனிநாக்கால் மட்டும் தொட்டுப் பார்த்தார். பட்டும் புத்தி வரலையா என்று மனைவி கூடத்திலிருந்தே கேட்டாள். கசந்தது. மணி பிளான்ட்டும் அதே கசப்பு. கத்தி இலையும் அதே. மூன்று செடிக்கு ஒரே ருசி எப்படி இருக்க முடியும்? தட்டில் பழைய எண்ணெய் இருந்தால் எல்லா பிஸ்கட்டுக்கும் ஒரே வாடை வருமே, அது மாதிரி இது இலையின் குணமல்ல, இலைமேல் அடித்த மருந்து. இலை இலையாகக் கழுவினார், அடியும் முதுகும். தண்ணீர் வெறும் தண்ணீராக ருசிக்கும்வரை கழுவினார். வேர்மண்ணில் உருண்டை உருண்டையாக உரம் கிடந்தது. அதை உதறிவிட்டு வெறும் மண்ணில் நட்டார்.

மகள் வந்தாள். அம்மா முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை தலையில் கைவைத்துக் கேட்டாள்.

“அப்பா, அவன் இலையே தின்னமாட்டான். பூச்சிதான் தின்பான். நீங்க எதுக்கு மேய்ஞ்சீங்க?”

அவர் பரணிலிருந்து, பல்லியை எடுத்துப் போவதற்கான சின்னப் பெட்டியை இறக்கினார். மூடியைத் துணியால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது, மறுபடியும் துடைத்தார்.

மகள் தொட்டியைத் திறந்தாள். மண்ணைக் கிளறிப் பார்த்தாள். இலையைத் தேய்த்து விரலை முகர்ந்தாள்.

“மருந்து வாசனையே இல்ல. கழுவினீங்களா?”

“கதந்துது” என்றார். நாக்கு இன்னும் முழுதாக வழிக்கு வரவில்லை.

அவள் இலைகளின்மேல் தண்ணீர் தெளித்தாள். பொழுது சாய்ந்திருந்தது. மாப்பிள்ளை விழித்து, கத்தி இலையில் ஏறினார். இலை சற்றே வளைந்து தாங்கிக்கொண்டது. நாக்கை நீட்டி ஒரு துளியை நக்கினார், பிறகு அடுத்த துளி.

“இப்படித்தான் தண்ணி குடிப்பான்” என்றாள் மகள். “மருந்தோட வெச்சிருந்தா போயிருப்பான்.”

“தெரியும். தினம் பார்க்கறேனே.”

“அப்ப எதுக்குக் கடிச்சீங்க?”

“நக்கறவர் ஒருநாள் கடிக்கமாட்டார்னு யாரு கண்டா?”

மகள் வெகுநேரம் பேசவில்லை. வீட்டில் அந்த வியாதி அவளுக்கும் உண்டு. பிறகு அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிப் பரணில் திரும்ப வைத்தாள்.

“ஒரே ஒரு சத்தியம் செய்யணும்பா. பூச்சி டப்பா வந்தா திறந்து அப்படியே போடணும். ருசி பார்க்கக்கூடாது.”

அவர் மௌனமானார்.

“யோசிக்கிறார் பாரு” என்றாள் மனைவி.

சத்தியம் செய்தார். இதுவரை மீறவில்லை.

மகள் வெளியூரில் நன்றாக இருக்கிறாள். போனில் முதலில் பல்லியைத்தான் விசாரிக்கிறாள், மாப்பிள்ளை என்று பெயர் சொல்லித்தான். முதலாளி ருசித்து அனுப்பிய சரக்கு முழுவதும் திரும்பி வந்து மாடுகளுக்குப் போயிற்று. நர்சரிக்காரம்மா இன்னமும் மனைவியைத் தெருவில் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை இப்போது எப்படி என்று கேட்கிறார். பரவாயில்லை, தோலுரிப்பது சுலபமாகிவிட்டது என்று மனைவி சொல்லிவருகிறாள். வெள்ளைத் தெளிப்பு மாடிப்படியில் ஆளுயரம் வளர்ந்து நிற்கிறது. எல்லோரும் ஒதுங்கி நடக்கிறார்கள். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மாலையில் மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்.