கார்டு உத்தியோகம்

உயரத்தை மட்டும் பார்த்து ஆள் எடுக்கிறவன் தென்னங்கன்று வியாபாரத்துக்குப் போகலாம், கூடைப்பந்துக்கு வரக் கூடாது. இதை எங்கள் பிரின்சிபாலிடம் நூறு தடவை சொல்லியாயிற்று. மனிதர் கேட்பதாயில்லை. "உத்திரமேரூர் ஐஸ்கூலில் ஆறடி இரண்டங்குலத்தில் ஒரு பையன் இருக்கிறானாம், போய் அள்ளிக்கொண்டு வாரும்" என்று அறுபத்தொன்றாம் வருஷம் வைகாசியில், மண்டை பிளக்கிற வெயிலில், என்னைப் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார். சென்னையில் அந்தக் கல்லூரிக்கு நான்தான் உடற்பயிற்சி ஆசிரியர். விளையாட்டுக்காரனுக்கென்று என் கைவசம் இருந்தது ஒரே ஓர் இடம்: சம்பளம் கட்டாத படிப்பு, ஆஸ்டல், மூன்று வேளைச் சாப்பாடு. அதை யாருக்குக் கொடுப்பதென்பது என் இஷ்டம். தோற்றால் திட்டு வாங்குவதும் நான்தான்.

ஆறடி இரண்டங்குலத்தின் பெயர் சுப்பிரமணி. அவனுடைய அப்பா சடையப்பன், ஊரில் பாதி நஞ்சைக்குச் சொந்தக்காரர், பஸ் நிற்கும் இடத்துக்கே வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "மொதல்ல நாஷ்டா துன்னுட்டு அப்பால பந்து பாக்கலாம் சார்" என்று வீட்டுக்குக் கூட்டிப்போய், இலையில் இட்லி தீரத் தீரப் போட்டுக்கொண்டே இருந்தார். போதும் என்று நான் கையால் இலையை மறைத்தால் கையின் மேலேயே வைக்கிறார். நான் என்ன செய்யட்டும்? சாப்பிட்டேன். சாப்பிட்டவன் வாய் அடைத்துவிடும் என்று அவர் கணக்கு.

சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் பரீட்சை முடித்த பையன்களை இரண்டு கட்சியாகப் பிரித்து ஆடவிட்டார்கள். சுப்பிரமணி நல்ல பிள்ளை, குறை சொல்லக் கூடாது. கூடைக்குக் கீழே போய் நின்றான். நின்றான், நின்றுகொண்டே இருந்தான். பந்து வந்தால் பிடித்தான். பிடித்ததும் அது அவன் கையில் இல்லை!

எங்கே போயிற்று என்று அவனும் தேடுகிறான், நானும் தேடுகிறேன். அந்தப் பக்கம் அரைக்கால் சட்டை போட்ட ஒரு பொடியன் பந்தைத் தரையோடு தரையாகத் தட்டிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறான். ஐந்தடி இருந்தால் அதிகம். மறுபடி சுப்பிரமணி பிடித்தான், மறுபடி காணோம். அந்தப் பொடியன் கையை ஒரு பக்கம் காட்டினால் அவன் கட்சிக்காரர்கள் நாலு பேரும் அங்கே ஓடுகிறார்கள். இவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, பந்தைச் சரியாக அவர்கள் கைக்கு அனுப்புகிறான். இப்படிப் பின்னாலிருந்து ஆட்டத்தை நடத்துகிறவனுக்குக் கூடைப்பந்தில் கார்டு என்று பெயர். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "அடப் பாவி, எங்கேடா இருந்தே இத்தனை நாளா!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன்.

"அவன் நம்ம சாமுவேல் புள்ள ஐசக்கு" என்றார் பக்கத்திலிருந்த சடையப்பன். "சாமுவேலு நம்மகிட்டத்தான் வேலை செய்யறான். பையனும் ஆடிப் பட்டத்துக்கு நம்ம நெலத்துல எறங்கறான். பேசியாச்சி. நீங்க நம்ம பையனைப் பாருங்க சார்."

நான் அவருடைய பையனைப் பார்த்தேன். பாவம், அவன் இன்னும் கூடைக்குக் கீழேயே நின்றுகொண்டிருந்தான்.

ஏரிக்கரைக்கு அப்பால் இருந்த காலனிக்கு அன்றே போனேன். ஐசக் வெட்கத்தோடு ஒரு கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு, எனக்குச் சோடா வாங்கி வர ஓடிவிட்டான். சாமுவேல் உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. அவன் பெண்சாதி மார்த்தாள் கதவோரம் நின்றாள். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "உங்க பையன் அருமையான கார்டு. சென்னைக்குக் கூட்டிப்போறேன், அனுப்புங்க" என்றேன்.

சாமுவேல் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆயிற்று. "கார்டா! எம்புள்ளையா?"

"அவனேதான். இப்படி ஒரு கார்டை நான் பார்த்ததில்லை. காலேஜில் சேர்த்து, ஆஸ்டலில் தங்க வச்சு, சாப்பாடும் போட்டுடுவோம். ஒரு காசு கொடுக்க வேண்டாம்."

"கார்டு வேலைய காலேஜுல வச்சா சார் கத்துக் குடுக்கறாங்க?"

"பின்னே? நானேதான் கத்துக் கொடுக்கிறேன்."

சாமுவேல் என்னைக் கும்பிட்டே விட்டான். "ஊரு ஊரா போவணும், இல்ல சார்?"

"மதுரை, பெங்களூர். நல்லாப் பண்ணினா டில்லி வரைக்கும் போகலாம்."

"பின்னாலயேதான் இருக்கணும்?"

விஷயம் தெரிந்தவனாக இருக்கிறானே என்று எனக்கு ஆச்சரியம். "கார்டு என்றால் பின்னாலதான். இவன் கையைக் காட்டினால்தான் முன்னால இருக்கிறவன் நகரவே நகருவான்."

"பையன் குள்ளமா கீறான். ஒசரம் பத்தலன்னு தள்ளிட மாட்டாங்களே?"

"கார்டுக்கு உயரம் எதுக்குய்யா? கண்ணும் காலும் போதும்!"

மார்த்தாள் மட்டும் ஒன்றும் பேசவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் பெரிய மூளைக்குத்தான் கல்லூரி சம்பளம் கொடுக்கிறது. "திங்கட்கிழமை காலையில் பிரின்சிபால் முன்னால் நிற்கணும், நாளைக் காலை பஸ்" என்று சொல்லிவிட்டு, சோடாவைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் பஸ் நிற்கும் இடத்தில் பாதிக் காலனி கூடியிருந்தது. யாரோ ஐசக்குக்குக் கதம்ப மாலை போட்டிருந்தார்கள். மாலை முழங்காலைத் தாண்டித் தொங்கியது. அவன் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, "சார், ஒரு விசயம்..." என்றான். "விஷயமெல்லாம் பஸ்ஸில். முதலில் ஏறி இடம் பிடி" என்று அதட்டினேன். "இல்ல சார், வூட்டுல இன்னா நெனச்சிக்கினு..." என்று மறுபடி ஆரம்பித்தான். "சொன்னதைச் செய்யடா!" என்று வள்ளென்று விழுந்தேன். எனக்கு வாய் முந்திக்கொள்ளும், காது பிறகுதான் வரும்.

அப்போது சடையப்பன் வந்தார். கோபமாக வருவார் என்று நினைத்தேன். வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு வந்தார்.

"இன்னாடா சாமுவேலு, ராத்திரி வந்து, எம்புள்ள ரயில் கார்டா போறான், இனிமே ஏர் புடிக்க மாட்டான்னு எங்கிட்டயே சொல்லிட்டுப் போனியே? ரயிலாவது ஒண்ணாவது! பந்து ஆடறதுக்கு இட்டுக்கினு போறாருடா. அந்த ஆட்டத்துல ஒருத்தனுக்குக் கார்டுன்னு பேரு. சார், நீங்களே சொல்லுங்க."

எனக்கு முந்தின நாள் பேச்சு முழுக்கத் திரும்ப ஓடிற்று. ஊர் ஊராகப் போவது, பின்னால் இருப்பது, கையைக் காட்டுவது... ஐயோ கடவுளே! கொடியும் விசிலும்தான் பாக்கி.

"மெய்யாலுமா சார்?" என்றான் சாமுவேல்.

பொய் சொல்லியிருக்கலாம். பஸ் புறப்பட இரண்டு நிமிஷம்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. "ரயில் இல்லைய்யா. பந்துதான். ஆனா படிப்பு நிஜம், சாப்பாடு நிஜம். படிச்சு முடிச்சா உத்தியோகமும் கிடைக்கும்" என்றேன்.

சாமுவேல் ஐசக்கின் கையிலிருந்த துணி மூட்டையை மெல்ல வாங்கிக்கொண்டான். நேற்று ஊருக்கெல்லாம் சொன்னவன் அவன். இன்றைக்கு அத்தனை பேர் முன்னாலும் தலை குனிந்து நின்றான். ஐசக்கும் மாலையைக் கழற்ற ஆரம்பித்தான். கண்டக்டர் விசில் ஊதினான். பஸ் கிளம்பாதபடி நான் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் மார்த்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அழுது அழுது கண்ணிரண்டும் வீங்கியிருந்தன.

"ரயிலு இல்லியா சாரு?"

"இல்லையம்மா. மன்னிச்சுக்கணும்."

"வாலாஜாபாத்துல பாத்துக்கீறேன். அந்தக் கார்டு கடைசிப் பொட்டியில ஒண்டியா குந்திக்கினு போவாரு. பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளு இருக்காது. எம்புள்ளையும் அப்பிடிப் போவணுமேன்னு ராத்திரியெல்லாம் ஒரே அய்வாச்சி." மூக்கைச் சிந்திக்கொண்டாள். "இந்த ஆட்டத்துல எத்தினி பேரு?"

"இவனோட சேர்த்து அஞ்சு பேர்."

"அல்லாரும் கூடவே இருப்பாங்களா?"

"கூடவேதான். ஒரே ஆஸ்டல், ஒரே சாப்பாடு."

"ஒசரமான பசங்களா?"

"ஆளுக்கு ஆறடி இருப்பானுங்கம்மா."

"இவன் வியுந்துட்டா தூக்குவாங்களா?"

பன்னிரண்டு வருஷமாகப் பையன்களைத் தேடி ஊர் ஊராகப் போகிறேன். என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. "தூக்குவாங்க. தூக்காதவனை நான் உதைப்பேன்" என்றேன்.

மார்த்தாள் சிரித்துவிட்டாள். "நம்ம புள்ள துளியூண்டு. அவ்ளோ ஒசரமானவங்களுக்கு இன்னா பேஜாரு? சுளுவா தூக்கிடுவாங்க." புருஷன் கையிலிருந்த மூட்டையைப் பிடுங்கி மகனிடம் கொடுத்தாள். "ஏறுடா."

ஐசக் அப்பாவைப் பார்த்தான். சாமுவேல் யாரையும் பார்க்கவில்லை. மகன் கையில் தொங்கிய மாலையை வாங்கி, அத்தனை பேர் முன்னால் மறுபடியும் அவன் கழுத்தில் போட்டான். அது தரையில் புரளாதபடி ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே அவனைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.