லென்ஸ் மேல் பழி

சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டை விரித்து, அதன் மேல் கேமராக்கள், லென்ஸ்கள், ஃபிளாஷ் எல்லாவற்றையும் அண்ணன் பரப்பியிருந்தான். ஒவ்வொன்றாகத் தள்ளி வைப்பான், மறுபடி பக்கத்தில் இழுத்துக்கொள்வான். கல்யாணங்களுக்குப் படம் எடுப்பதுதான் அவனுக்கும் தங்கைக்கும் பிழைப்பு. அவன் முன்னால் நின்று எடுப்பான். அவள் ஓரத்தில் நின்று எடுப்பாள். பிறகு வீட்டில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஆல்பத்துக்குப் படங்களைப் பொறுக்குவாள்.

"என் லென்ஸ் போயிடுச்சு. ஒரு படமும் பளிச்சுனு விழல," என்றான். "கேமராவும் பழசு. புதுசா ஒண்ணு வந்திருக்கு, கை லேசா ஆடினாலும் அதுவே சமாளிச்சுக்குமாம்."

"அதுக்குக் காசு?"

"உன் லென்ஸைக் குடுத்துடலாம். இருக்கறதுல அதுக்குத்தான் நல்ல விலை வரும்."

"அப்ப நான் எதுல எடுக்கறது?"

"நீ கம்ப்யூட்டரைப் பாத்துக்க. அந்த வேலைக்கு உன்னை விட்டா ஆள் இல்ல."

"இது பதவி உயர்வா, சீட்டுக் கிழிப்பா?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள். சொல்லவேண்டியது நாக்கு நுனிவரை வந்து நின்றது.

லென்ஸில் கோளாறு என்றால் படம் மழுங்கும், கோடாக இழுபடாது. ஆள் அசைந்தால் ஆள் மட்டும் கலங்கித் தெரிவார், பின்னால் சுவர் அப்படியே நிற்கும். அண்ணன் எடுத்த படங்களில் சுவரே நகர்ந்திருந்தது. மணமக்களுக்குப் பின்னால் தொங்கிய குட்டி விளக்குகள் ஒவ்வொன்றும் ஒரே பக்கம் வளைந்து, ஒரே மாதிரிக் கொக்கியாகியிருந்தன. அந்தக் கொக்கியைப் போட்டது லென்ஸ் இல்லை. கை.

அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் அவர் கையில் கரண்டி நிற்கவில்லை. அவருக்கு ஊட்டிவிட்டவன் அண்ணன்தான்.

அவள் யாரிடமும் எதுவும் சொல்லாமல், அவன் படங்களை ஒதுக்கிவிட்டுத் தன் படங்களால் ஆல்பங்களை நிரப்பி வந்தாள். வாங்கிப் போனவர்கள் அவனைப் பாராட்டினார்கள். ஒரு கல்யாணத்தில் மட்டும் பெண்ணின் அப்பா அழுத நேரத்தில் அவள் வேறு பக்கம் நின்றிருந்தாள். அந்த முகம் அவனுடைய கேமராவில் மட்டும்தான் இருந்தது, கண்ணும் மூக்கும் இழுபட்டு. அந்தப் பக்கத்தில் அவள் பூங்கொத்துப் படம் ஒன்றை வைத்தாள்.

பழசை எடுத்துக்கொண்டு புதுக் கேமரா தரும் கடையில், அவளுடைய லென்ஸைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார்கள். கடைக்காரர் அண்ணனின் லென்ஸை வேறொரு கேமராவில் மாட்டி, எதிர்ச்சுவரில் இருந்த விலைப்பட்டியலைப் படம் பிடித்தார். பொடி எழுத்துகூடத் தெளிவாக விழுந்தது.

"லென்ஸ் மேல பழி போடாதீங்க சார். கத்தி மாதிரி இருக்கு."

"அப்ப கேமராதான்," என்றான் அண்ணன் உடனே.

"உங்க கேமராவுலயும் போட்டுப் பாத்துடுவோமா?"

"வேண்டாம். புதுசைக் குடுங்க."

புதுக் கேமராவை வாங்கிக்கொண்டு கடையின் உட்பக்கம் திரும்பினான். அங்கே இருட்டில் சார்ஜர்களின் சிவப்புப் பொட்டுகள் வரிசையாக எரிந்தன. எடுத்தான். பார்த்தான். அழித்தான். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை அடக்கி மறுபடி எடுத்தான். அதையும் அழித்தான்.

"பிரமாதமா இருக்கு," என்றான்.

"காட்டு."

"அழிச்சுட்டேன்."

"பிரமாதமா இருந்ததை எதுக்கு அழிச்ச?"

கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அண்ணா, எல்லாப் படத்துலயும் விளக்கு வளைஞ்சிருக்கு. ரொம்ப நாளா."

அவன் கேமராவைக் கீழே வைக்கவில்லை. அதன் திரை தானாக அணைந்தது. வெளியே ஒரு பேருந்து வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"அப்ப ஆல்பத்துல இருக்கறதெல்லாம்?"

"பாதி என்னுது."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாதிக்கு மேல," என்றாள்.

"நல்லா வந்திருக்கேன்னு நினைச்சேன். வீட்டுல பாக்கறப்ப கலங்கித் தெரியும், ஆல்பத்துல சரியா இருக்கும். நீ கம்ப்யூட்டர்ல ஏதோ சரி பண்ணிடறன்னு நினைச்சேன்." குரலில் கோபம் இல்லை. "முதல்லயே சொல்லியிருந்தா டாக்டர்கிட்டயாவது போயிருப்பேன்."

சொல்லாததற்கு அவன்மேல் இருந்த பாசம்தான் காரணம் என்று இத்தனை நாள் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையும் இப்போது ஆட்டம் கண்டது. அவனிடம் சொல்லியிருந்தால், அப்பாவுக்கு வந்தது தனக்கும் வருமோ என்று தன் விரல்களையும் அவள் உற்றுப் பார்க்க வேண்டி வந்திருக்கும்.

அவன் புதுக் கேமராவைக் கடைக்காரரிடம் நீட்டினான். கண்ணாடிப் பெட்டி மேல் கிடந்த அவளுடைய லென்ஸை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான். தன் தோளில் தொங்கிய பழைய கேமராவைக் கழற்றி அந்த இடத்தில் வைத்தான்.

"இதுக்கு என்ன தருவீங்க?"

கடைக்காரர் ஒரு விலை சொன்னார். குறைவுதான். அவன் பேரம் பேசவில்லை.

"வாரை நீங்களே வெச்சுக்கோங்க சார். பழகின வாரு. கழட்டிக்கோங்க."

அவன் வாரின் கொக்கிக்குள் நகத்தை நுழைத்தான். வழுக்கியது. மறுபடி நுழைத்தான். விரல்கள் கேமராவின் ஓரத்தில் பட்டுப் பட்டு மெல்லிய சத்தம் வந்தது. கடைக்காரர் கை நீட்டப் போனார். வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள். பிறகு தெருப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.