தண்ணீர் ஓடிய கம்ப்யூட்டர்

உர்சுலாவுக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். அது தெரிந்துதான் அவள் கணவன் இஞ்ஞாசி மாதா கோயில் பங்குப் பேரவைக் கூட்டத்தில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவ்வப்போது முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு இடித்தும் பயனில்லை.

மாதா திருவிழாவுக்குப் பாட்டுப் புத்தகம் வேண்டும். சிங்கப்பூர் தோ பாயோ கோயிலின் தமிழ்ப் பாடகர் குழுவுக்கு அதுவரை புத்தகமே கிடையாது. அது எண்பதுகள்; தமிழ் எழுத்துக் கோத்து அச்சடிக்க அச்சகங்கள் மூன்று மாதம் கேட்டன. திருவிழாவுக்கு இருந்ததோ ஆறே வாரம். பேரவைச் செயலாளர் எட்மண்ட் வங்கியில் அதிகாரி. சட்டையின் மடிப்புக் கலையாமல் கோபப்படத் தெரிந்தவர். அவர் ஒரு வழி சொன்னார்: தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் டைப் அடித்துவிடலாம்.

"குழுவுல இருக்கிற பதினோரு பேர்ல ஏழு பேருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாதுங்க" என்றாள் உர்சுலா.

"அவங்களுக்கு புக் எதுக்குமா? எந்தப் பாட்டா இருந்தாலும் ரெண்டு சரணம் மனப்பாடம். மூணாவது சரணம் யாருக்கும் தெரியாது. ஜார்ஜ் ஆர்கனை நிறுத்திடுவாரு. இத்தனை வருஷமா அப்படித்தான் ஓடுது லா" என்றார் எட்மண்ட்.

சிலர் சிரித்தார்கள். குழுவின் முதல் குரலான அந்தோனியம்மாளும் சிரித்தாள். ஆனால் தலையைக் குனிந்துகொண்டு. அவள் உர்சுலாவின் பக்கத்து வீட்டுக்காரி. அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் உர்சுலா எழுந்துவிட்டாள்.

"தமிழ்லயே நான் அடிச்சுத் தர்றேன். வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கு."

இஞ்ஞாசியின் முழங்கை காற்றில் நின்றது. எட்மண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லது. ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணி. டன்லப் ஸ்திரீட்டுல அப்துல் கையூம் பிரஸ்ஸுக்கு எல்லாப் பக்கமும் வந்துடணும். வரலைன்னா நான் டைப் அடிச்சு வெச்சிருக்கிறது போகும்."

உர்சுலா சொன்னது பொய்யில்லை. தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் கம்பெனியில் அவள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். சிம் லிம் டவருக்கு மாதத்துக்கு இரண்டு முறை போய், ஒவ்வொரு பாகமாக வாங்கி, சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரைப் பொருத்தி வைத்திருந்தாள். தமிழ் எழுத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்து பிரிண்டருக்கு அனுப்பும் புரோகிராமையும் அவளே எழுதியிருந்தாள். ஒரே குறை, அது ஆமை வேகம். ஒரு பக்கம் வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

புத்தகம் ஐம்பத்து நான்கு பக்கம். ஆபீஸ் விட்டு வந்து பாட்டுகளை அடித்துச் சேர்க்கவே நாலு வாரம் போய்விடும். அதற்குமேல் அவளுக்குக் கிடைத்தது வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாள் லீவு. பிரிண்டர் போடுகிற சத்தத்துக்கு இரவு பத்துக்கு மேல் ஓட்டினால் மொத்த அடுக்குமாடி புளோக்கும் கதவைத் தட்டும். காலை ஏழிலிருந்து இரவு பத்து வரை, சனிக்கிழமை ஐந்து மணி வரை என்று எப்படிக் கூட்டினாலும் நாற்பது மணி நேரம்தான் வந்தது. இந்த வேகத்தில் முப்பத்திரண்டு பக்கத்துக்கு மேல் தேறாது.

அவள் போர்டில் இருந்த கிரிஸ்டலைப் பிடுங்கிவிட்டு வேகமான வேறொன்றைப் பொருத்தினாள். கம்ப்யூட்டரின் இதயத் துடிப்பு மாதிரி அந்தச் சின்ன உலோகத் துண்டு. அது வேகமாகத் துடித்தால் எல்லாம் வேகமாக ஓடும். பக்கம் நாற்பது நிமிடத்தில் வரும் என்று கணக்கு சொன்னது. பதினைந்தாவது நிமிடம் திரை உறைந்தது. மூடியைத் திறந்து சிப்பைத் தொட்டவள் விரலை வாயில் வைத்துக்கொண்டாள். வீடு மேற்குப் பார்த்தது, ஏர்கான் கிடையாது, ஃபேனைத் திருப்பி வைத்தால் அதுவும் சூடான காற்றைத்தான் அள்ளி வீசியது.

ஆபீஸில் பெரிய கம்ப்யூட்டருக்குத் தனி அறை, தனிக் குளிர். அங்கே ஆபரேட்டர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பார்கள். இன்னும் பெரிய இயந்திரங்களுக்குள் குழாய் வைத்துத் தண்ணீரே ஓட விடுகிறார்கள் என்று ஒரு கையேட்டில் படித்தது அவளுக்கு நினைவு வந்தது. அன்று இரவு சாப்பிடும்போது கேட்டாள்: "ஏங்க, டாக்சி எஞ்சினை எப்படிச் சூடாகாம வெச்சிருக்கீங்க?"

டாக்சி ஓட்டும் இஞ்ஞாசி மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னான். "ரேடியேட்டர்தான். தண்ணி ஓடுது, சூட்டை வாங்குது, காத்துல விட்டுட்டுத் திரும்பி வருது. ஏன்?" பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். "ஐயோ, உர்சி, வேணாம்."

வேண்டாம் என்றவன்தான் மறுநாள் அவளை சின் மிங் ரோட்டுக்கு, மெக்கானிக் மருதப்பனின் பட்டறைக்கு அழைத்துப் போனான். மருதப்பன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மூலையில் கிடந்த குவியலைக் காட்டினார். இங்கிலாந்துக் கார்களில் குளிருக்கு ஹீட்டர் வைத்து அனுப்புவார்கள். சிங்கப்பூரில் அதை யார் போடுவது? ஒவ்வொரு ஹீட்டரிலும் கைக்கு அடக்கமாக ஒரு செப்பு ரேடியேட்டர் இருந்தது. ஒருநாள்கூட வேலை செய்யாமல் புத்தம் புதிதாக. "இந்த ஊருக்கு வந்து இப்பத்தான் இதுக்கு வேலை கிடைச்சிருக்கு. எடுத்துக்கம்மா" என்றார்.

இதையெல்லாம் வைக்கப் பெட்டி வேண்டும். அவளுடைய தகரப் பெட்டியில் ஒரு டம்ளர் வைக்கக்கூட இடமில்லை. ஆபீஸ் கிடங்கில், பத்து வருஷம் உழைத்து ஓய்ந்த ஒரு பழைய கம்ப்யூட்டரின் கூடு நின்றது. இடுப்பு உயரம், கனமான இரும்பு, வெளிறிய நீலம். சூப்பர்வைசர் துரைசாமியிடம் கேட்டாள். "தாராளமா எடுத்துட்டுப் போம்மா. நாளைக்கு பழைய சாமான் வாங்குற காராங்குனிக்காரன் வந்து இரும்பு விலைக்குத் தூக்கிட்டுப் போறதா இருக்கு" என்றார் அவர்.

அவர்கள் புளோக்கில் லிப்ட் ஐந்தாவது மாடியிலும் ஒன்பதாவது மாடியிலும்தான் நிற்கும். வீடு ஏழாவதில். இஞ்ஞாசியும் மருதப்பனும் கூட்டை ஒன்பதிலிருந்து படி படியாக இறக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் இஞ்ஞாசி எட்மண்டை ஒரு வார்த்தை திட்டினான். இரண்டு மாடிக்கும் வார்த்தை போதாமல் சிலவற்றைத் திரும்பச் சொன்னான்.

அடுத்த இரண்டு ஞாயிறும் பூசை முடிந்து வந்ததும் வேலைதான். ஹேக்சா பிளேடு ஏழு முறிந்தது. கூட்டின் பின்பக்கம் சதுரமாக அறுத்து ரேடியேட்டரைப் பொருத்தினார்கள். அதற்குப் பின்னால் ஒரு மேசை ஃபேன். மீன் கடையில் வாங்கிய தொட்டி பம்ப் ஒன்று மூடி போட்ட வாளிக்குள் இறங்கியது. சிப்பின் மேல் ஒரு செப்புத் தகடு, தகட்டின் மேல் இஞ்ஞாசி ஈயம் வைத்துப் பற்றவைத்த செப்புக் குழாய். உர்சுலா ஒன்றில்தான் பிடிவாதமாக இருந்தாள். வாளியும் குழாய் மூட்டுகளும் கீழ்த்தட்டில், மின்சாரம் மேல்தட்டில். எங்கே ஒழுகினாலும் கீழேதான் போக வேண்டும். முதல் நாள் ஒரு மூட்டு ஒழுகவே செய்தது. தண்ணீர் சொன்னபடி கேட்டுக் கீழே போனது.

பம்ப் ஓடியது. பதினைந்து நிமிடம் ஆனது, அரை மணி ஆனது, நாற்பதாவது நிமிடத்தில் முதல் பக்கம் முழுசாக வெளியே வந்தது. உர்சுலா சிப்பின் மேலிருந்த தகட்டைத் தொட்டாள். காய்ச்சல்காரன் நெற்றி அளவுக்குச் சூடு, அவ்வளவுதான். அவள் இஞ்ஞாசியைக் கட்டிக்கொண்டாள். வாசலில் மருதப்பன் நிற்கிறார் என்பதே மறந்துபோய்விட்டது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து இரவு பத்துக்குள் இருபத்திரண்டு பக்கம். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு முப்பத்திரண்டு. பிரிண்டர் ரிப்பன் தேய்ந்துபோனது. உர்சுலா அந்தோனியம்மாளைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டுக் கடைக்கு ஓடினாள்.

திரும்பி வந்து பார்த்தபோது குழாய் முழுவதும் வேர்த்திருந்தது. செப்புத் தகட்டைச் சுற்றி முத்து முத்தாகத் தண்ணீர். ஒரு சொட்டு போர்டுக்கு நேர்மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். வாளி மூடியைத் திறந்தால் உள்ளே பெரிய ஐஸ் கட்டி மிதந்தது.

"வாளியைத் தொட்டுப் பாத்தேன், வெந்நி மாதிரி இருந்துச்சு" என்றாள் அந்தோனியம்மாள். "பாவமா இருந்துச்சு. கீழ காப்பிக் கடையில சொல்லி வாங்கியாந்தேன்."

"ஐஸ் மைலோ கிளாஸ் வெளிய வேர்க்கிறத பாத்ததே இல்லியா அக்கா? குளிர்ந்த சாமான் மேல காத்துல இருக்கிற ஈரம் பூரா வந்து ஒட்டிக்கும்! இத்தனை வாரம் வேலை! எட்மண்ட் சொன்னது சரிதான் போல, உங்களுக்கெல்லாம் எதுக்கு புக்கு!"

சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள். வந்த வார்த்தை வந்ததுதான். அந்தோனியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"பதினெட்டு வருஷமா முன்வரிசையில நிக்கிறேன் உர்சுலா. மூணாவது சரணத்துல மாதாகிட்ட என்ன கேக்குறாங்கன்னே எனக்குத் தெரியாது. ஒரு தடவையாச்சும் படிச்சுப் பாடணும்னு ஆசை. அதான் இது நின்னுடக் கூடாதேன்னு..."

உர்சுலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சிடுங்க அக்கா" என்றாள். அதற்குமேல் அழுவதற்கு நேரமில்லை. ஐஸை வெளியே கொட்டினார்கள். உர்சுலா பஞ்சாலும் துணியாலும் ஒவ்வொரு இடுக்கையும் ஒற்றினாள். அந்தோனியம்மாள் தலைமுடி உலர்த்தும் டிரையரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். கை மரத்தபோது மறு கைக்கு மாற்றினாள். ஐந்து மணிக்கு உர்சுலா சிலுவை போட்டுக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள். பம்ப் முனகியது. திரையில் பச்சை எழுத்து எழும்பியது. அந்தோனியம்மாள் வாய்விட்டு மாதாவைக் கூப்பிட்டாள். வாளி மூடியில் உர்சுலா ஒரு காகிதம் ஒட்டினாள்: தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், ஐஸ் போடக் கூடாது.

மூன்று மணி நேரம் போய்விட்டது. மிச்சம் வைத்திருந்ததோ நாலு மணி நேரம். சனிக்கிழமை முழுக்க யாரும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் சத்தமாக மூச்சுகூட விடவில்லை. நாலேகாலுக்கு ஐம்பத்து நான்காவது பக்கம் வந்தது. இஞ்ஞாசி கீழே டாக்சியை ஓட விட்டுக்கொண்டே காத்திருந்தான்.

அச்சகத்தில் எட்மண்ட் தன்னுடைய டைப் தாள்களோடு ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். மணி நாலு நாற்பத்தைந்து. அப்துல் கையூம் உர்சுலாவின் தாள்களை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எழுத்து கொஞ்சம் புள்ளி புள்ளியா இருக்கு. ஆனா தெளிவா இருக்கு. அச்சுப் பிளேட் எடுத்துடலாம்" என்றார். எட்மண்ட் முதல் பக்கத்தை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் தாள்களை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சட்டை மடிப்புக் கலைந்தது.

திருவிழா அன்று மாலைப் பூசையில் கோயில் நிரம்பி வழிந்தது. பதினோரு பெண்கள் கையிலும் புத்தகம். மாதா பாட்டு தொடங்கியது. முதல் சரணம் முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. ஜார்ஜ் வழக்கம்போல ஆர்கனை நிறுத்திவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

பாட்டு நிற்கவில்லை. அந்தோனியம்மாள் விரலால் வரியைத் தொட்டுக்கொண்டு தனியாக மூன்றாவது சரணத்தை எடுத்தாள். ஒரு மூச்சு கழித்து ஆறு குரல்கள் அவளோடு சேர்ந்தன, பிறகு மிச்ச நாலும். ஜார்ஜ் திடுக்கிட்டு, இரண்டு கட்டைகளைத் தப்பாக அழுத்தி, பாட்டை எட்டிப் பிடித்துக்கொண்டார். பெஞ்சுகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இஞ்ஞாசி முழங்கையால் மெதுவாக இடித்தான். உர்சுலா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அழுதுகொண்டே பாடிக்கொண்டிருந்தாள். நாலாவது சரணம் ஒன்று இருப்பதை ஐம்பத்து நான்கு பக்கமும் அடித்த அவளே அப்போதுதான் கவனித்தாள். அந்தோனியம்மாள் அதற்குள் பக்கத்தைத் திருப்பியிருந்தாள்.