எழுத்து வருமா?

காது அடைத்துப்போன பிறகு, பீம்ராவுக்கு டிவி என்றால் அது மனைவி ரமாபாயின் வாய்தான்.

கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் இரும்புத் தகடு தட்டுகிற வேலை அவருக்கு. வருஷக்கணக்கில் அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்ததில் காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஐம்பது வயதைத் தொடும் முன்பே ஒன்றுமே கேட்காமல் போய்விட்டது. பட்டறையில் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். வீட்டில், வியாசர்பாடி குடியிருப்பின் மூன்றாவது மாடியில், ரமாபாய் சாயங்காலத்து சீரியலை அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்து வாயசைத்துச் சொல்லுவாள். உதட்டைப் பார்த்தே அவர் புரிந்துகொள்வார். ஆனால் ஒரு வசனத்தை அவள் சொல்லி முடிப்பதற்குள் திரையில் இரண்டு வசனம் ஓடிவிடும். அவருக்குப் பாதிக் கதை, அவளுக்கும் பாதிக் கதை.

அந்த வருஷம், இரண்டாயிரத்து ஒன்பதில், குடியிருப்பில் ஒவ்வொரு வீடாக கேபிளை விட்டுவிட்டு மொட்டை மாடியில் டிஷ் வைக்க ஆரம்பித்தார்கள். யாரோ கொடுத்த நோட்டீஸ் ஒன்றை பீம்ராவ் ரொம்ப நேரம் கண்ணருகே வைத்துப் பார்த்தார். அதில் டிஷ்ஷோடு தரும் பாக்ஸின் ரிமோட் படம் பெரிதாக இருந்தது.

"ரமா, இங்க பாரு. சப்டைட்டில்னு ஒரு பட்டன் கீது. பேசறது அல்லாம் எழுத்தா வருமா?"

தன் குரல் தனக்கே கேட்காததால் அவர் எப்போதும் உரக்கத்தான் பேசுவார். பக்கத்து வீட்டு ஐரீன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ரமாபாய்க்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. "போய்க் கேட்டுடுவோம்" என்று வாயசைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் தண்டையார்பேட்டைக்குப் பஸ் ஏறினார்கள். முதலில் போனது குளுகுளுவென்றிருந்த பெரிய கடை. விற்பனைப் பையன் பீம்ராவை விட்டுவிட்டு ரமாபாயிடமே பேசினான். அவள் அந்தப் பட்டனைக் காட்டியதும் அமுக்கினான். திரையில் 'ஆன்' என்று வந்தது. நடிகர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். எழுத்து எதுவும் வரவில்லை.

"அது சும்மா கீற பட்டன்க்கா. யாரும் யூஸ் பண்ணமாட்டாங்க."

ரமாபாய் அதை அப்படியே சொன்னாள். பீம்ராவுக்கு அது மனசிலேயே ஏறவில்லை. "சும்மா எதுக்கு ஒர்த்தன் பட்டன் வெப்பான்?" என்று தெருவில் நடந்துகொண்டே மூன்று தரம் கேட்டார்.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துச் சந்தில் கோதண்டத்தின் கடை இருந்தது. பழைய ரேடியோக்களுக்கு நடுவே இரண்டு டிவி. கோதண்டம் கேள்வியை முழுசாகக் கேட்டுக்கொண்டார். தலையைச் சொறிந்தார்.

"இத்தினி பாக்ஸ் வித்துட்டேன், இத்த ஒர்த்தரும் கேட்டதில்லியே. உக்காருங்க, பார்த்துடலாம்."

இரண்டு கம்பெனி பாக்ஸ்களை எடுத்து இரண்டு டிவியிலும் மாட்டினார். ஒவ்வொரு சேனலாகத் தள்ளிக்கொண்டே போனார்கள். தமிழில் எதிலும் எழுத்து இல்லை. இந்தியில் இல்லை. இங்கிலீஷ் சினிமா சேனல் வந்ததும் படத்துக்கு அடியில் வெள்ளையாக ஒரு வரி எழுந்தது. பட்டனை அமுக்கக்கூட இல்லை.

"பாக்ஸ் ஒண்ணியும் பண்றதில்ல அண்ணே" என்று கோதண்டம் பீம்ராவின் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். "சேனல்காரன் எழுத்து போட்டு அனுப்புனா வருது. இல்லாங்காட்டி இல்ல."

பீம்ராவ் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் பேப்பர் படித்துப் பழகிய கண். உதடுகள் மெல்ல அசைந்தன.

கோதண்டம் இரண்டாவது பாக்ஸில் இன்னும் தள்ளினார். ஒரு சேனலில் பனிமலை, அடியில் இங்கிலீஷ் எழுத்து. பாதையில் ஒரு பெண் கழுதை வண்டியில் இரும்புக் கட்டில் ஒன்றை ஏற்றிக்கொண்டு போகிறாள். வழியில் ஒரு கிழவர் ஏதோ கேட்கிறார்.

"இன்னா பாஷை இது?" என்றாள் ரமாபாய்.

கோதண்டத்துக்கும் தெரியவில்லை. "தெலுங்கு இல்ல, அது மட்டும் தெரியும்" என்றார்.

பீம்ராவ் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "தங்கச்சியாண்ட போறாளாம். அது கோச்சிகினு மலை மேல போயிடுச்சாம். வூட்டுக்கு வரமாட்டேன்னிடுச்சாம். அதான் அதோட கட்டில இவளே இஸ்துகினு போறா."

ரமாபாய் கணவரின் தோளைத் தட்டினாள். "தங்கச்சி ஏன் கோச்சிகிச்சாம்?"

"இரு. எழுத்து வரட்டும்."

மதியச் சாப்பாட்டுக்கு ஷட்டர் இறக்குகிற நேரம் தாண்டியது. கோதண்டம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். பேட்டரி வாங்க வந்த ஆள் வாங்கின பிறகும் போகவில்லை. கட்டில் பனியில் சரிந்து விழுந்தது, அவள் தனியாகத் தூக்கினாள், கடைசியில் தங்கச்சி வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டினாள். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது.

"அடப் போங்கய்யா!" என்றார் பேட்டரி வாங்க வந்தவர்.

இருட்டிய கடையில் கோதண்டம் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொன்னார். "அக்கா, இந்தப் படம் வர்ற பாக்ஸ்ல உங்க சாயங்கால சீரியல் சேனல் கிடையாது. அந்தப் பாக்ஸ்ல தமிழ் அல்லாம் கீது, இந்த ஃபாரின் படம் இல்ல. ரெண்டும் ஒண்ணுலயே வோணும்னா இப்பத்திக்கி இல்ல."

ரமாபாய் அதை வாயசைத்துச் சொன்னதும் பீம்ராவ் தமிழ் பாக்ஸைத் தொட்டுக் காட்டினார். "இத்தயே எடுத்துக்கோ. உன் சீரியல் இல்லாம வூட்ல பேஜாரு."

அவள் இரண்டு பாக்ஸையும் மாறி மாறிப் பார்த்தாள். விட்டுக்கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. அந்தக் கதவு அவள் மனசில் மூடியபடியே நின்றது.

"சீரியல ஐரீன் வூட்ல பார்த்துக்குவேன். அந்தப் பொண்ணு கதவத் தொறந்துச்சா இல்லியான்னு எனக்குத் தெரிஞ்சாவணும்யா."

டிஷ் வந்தது. கோதண்டமே மாடி ஏறி மாட்டிவிட்டுப் போனார். அந்தப் படம் திரும்ப வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. தங்கச்சி கதவைத் திறக்கவில்லை. வந்தவள் கட்டிலை வாசலிலேயே போட்டுப் படுத்துக்கொண்டாள், அவ்வளவுதான் படம். அதைப் பற்றி ரமாபாய் ஐரீனோடு இரண்டு நாள் பேசினாள்.

அதற்குள் இருவருக்கும் வேறு ஒரு பழக்கம் வந்திருந்தது. வேலை விட்டு வந்ததும் பீம்ராவ் ஏதாவது ஒரு தேசத்துப் படத்தைப் போட்டு, எழுத்தைப் படித்துக் கதை சொல்லுவார். ரமாபாய் அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள். சில சமயம் ஐரீனும் வந்து உட்காருவாள். எழுத்து வேகமாக ஓடி மறைந்தால் பீம்ராவ் மிச்சத்தைத் தானாக இட்டுக்கட்டுவார். ரமாபாய் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள்.

"யோவ், அவ புருசன் செத்துட்டான்னு அவன் சொன்னான்றே. அவ சிரிச்சிகினு கீறாளே?"

"எழுத்து ஓடிப்போச்சு" என்று அவர் அசடு வழிந்தார்.

ஒரு மழை நாளில் படம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. நல்லவேளை, அது ஓர் இங்கிலீஷ் படம், வசனம் குறைவு. ஓர் ஆள் காலி வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான். யாருமே பேசவில்லை, ஆனாலும் அடியில் எழுத்து வந்தது. பீம்ராவ் முன்னால் குனிந்தார்.

"ரமா, தூரத்துல நாய் கொலைக்குதுன்னு போட்டுகீறான். மெய்யாலுமா?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். அவளுக்கு அப்படி எதுவும் கேட்ட ஞாபகம் இல்லை. எழுந்து போய் டிவியின் ஸ்பீக்கர் மேல் காதை வைத்தாள். வெளியே மழை இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு உள்ளே, மிக மெலிதாக, எங்கேயோ ஒரு நாய்.

திரும்பி அவர் முகத்தைப் பார்த்து, "ஆமா" என்றாள். "கீது. ஒரே ஒரு நாய். குட்டி நாய் மாதிரி."

"எந்தப் பக்கம்?"

அவள் மறுபடி ஸ்பீக்கரில் காதை வைத்தாள்.