தோப்புக்கு வந்த ரெண்டு வண்டி

ஒரு தோப்புக்கு எந்த வண்டி வேணும்னு அந்தத் தோப்புல நடக்குறவகிட்டதானே கேக்கணும்? கேக்கலியே! அன்னைக்கு எனக்கு வந்த கோவத்துக்கு, பக்கத்துல யாராவது அடுப்பு வெச்சிருந்தா விறகே வேண்டியிருந்திருக்காது.

எங்க தோப்பு முத்துப்பேட்டைக்குத் தெக்கே, அலையாத்திக் காட்டுக்குப் போற வழியில இருக்கு. உள்ள தென்னை, வரப்போரமா தேக்கு, மேட்டுப் பக்கம் சவுக்கு. பட்டா என் வீட்டுக்காரர் அஹமது கபீர் பேர்ல. ஆனா அவரு சவுதியில, ஒரு அரபி முதலாளியோட பேரீச்சந் தோட்டத்துல டிரைவரா இருந்தாரு. இருபது வருஷத்துக்கு மேல. லீவுல வருவாரு, தோப்பை ஒரு சுத்து சுத்துவாரு, ரெண்டு எளநி குடிப்பாரு, பொட்டியக் கட்டிக்கிட்டுப் போயிருவாரு. தண்ணி பாய்ச்சுனது, வண்டுக்கு மருந்து வெச்சது, வெலையை அடிச்சுப் பேசுற தேங்கா வியாபாரிகிட்ட மல்லுக்கு நின்னது, எல்லாம் இந்த ஜன்னத் பீவி.

அந்தப் பெரிய புயல்ல தோப்புல பாதி மரம் படுத்துருச்சு. காலையில போய்ப் பாத்தப்ப எது வழி எது வரப்புன்னே தெரியல. நான் உக்காந்து ஒரு பாட்டம் அழுதேன். அப்புறம் எந்திரிச்சு ஆளைக் கூப்பிட்டேன். விழுந்ததை அறுத்து வெளியேத்தி, வேரைத் தோண்டிப் போட்டு, புதுசா தென்னங்கண்ணு வெச்சேன். இன்னைக்கு அந்தக் கண்ணெல்லாம் பாளை விட்டு நிக்குது. பெருமையடிக்கிறான்னு நெனச்சீங்கன்னா நெனச்சுக்குங்க, நான் பெருமைதான் அடிக்கிறேன்.

போன வருஷம் மச்சான், என் வீட்டுக்காரரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், சவுதியை முடிச்சுக்கிட்டு ஒரேடியா வந்துட்டாரு. எனக்கு சந்தோசமில்லாம இருக்குமா? அல்ஹம்துலில்லாஹ், வீடு நிறைஞ்சிருந்துச்சு. ஆனா வர்றவங்க போறவங்க எல்லாரும் ஒரே பேச்சு. என் நாத்தனார் ஆயிஷா பிரியாணி சாப்பிட்டு கையைக் கழுவுன கையோட சொல்லுச்சு, "இனிமே என்ன ஜன்னத்து, தம்பி வந்துருச்சு. மோட்டார் கொட்டகைச் சாவியைக் குடுத்துட்டு நீ வீட்டுல ஓதிக்கிட்டு நிம்மதியா இரு."

நல்லதுக்குத்தான் சொல்லுச்சு. நான் சாவியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டேன். அத்தனை வருஷமா காலையில எந்திரிச்சதும் நான் தேடுற இடம் அந்தத் தோப்பு. அது கையை விட்டுப் போனா நான் என்ன செய்வேன்? சீரியல் பாப்பேன், யார் வீட்டு மருமக என்ன சொன்னான்னு பேசுவேன். அவ்வளவுதான் மிச்சம். மச்சான் ஒண்ணும் சாவியைக் கேக்கல. ஆனா கேக்க வேண்டியதில்லைங்குற மாதிரி ஒவ்வொரு வேலையா எடுத்துச் செய்ய ஆரம்பிச்சாரு. அப்பதான் இந்த வண்டிப் பேச்சு வந்துச்சு.

வண்டி தேவைதான், இல்லேங்கல. காய் வெட்டுனா சுமக்க ஆள் இல்ல. பாதிப் பேர் திருப்பூர்ல, மீதிப் பேர் சிங்கப்பூர்ல. டிராக்டரை உள்ள விட்டா இளமரத்து வேரையெல்லாம் மிதிச்சு அமுக்கிரும், வரிசைக்கு நடுவுல திரும்பவும் முடியாது. என் டி.வி.எஸ். பிப்டியில ரெண்டு மூட்டையை வெச்சுக் கட்டிக்கிட்டு எத்தனை நடைதான் போறது?

"அங்க எங்க தோட்டத்துல ஒரு வண்டி இருந்துச்சு ஜன்னத்து," ன்னாரு மச்சான். "ஜீப்பு மாதிரி இருக்கும், ஜீப்பைவிடச் சின்னது. முன்னால ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல உக்காரலாம். பின்னால சாமான் ஏத்தத் தொட்டி. நாலு சக்கரமும் இழுக்கும். காடு, மேடு எதுலயும் போகும்."

நல்ல யோசனைதான்னு நானே சொன்னேன். தஞ்சாவூர்ல ஒரு கடையில சொல்லி, ரெண்டு வண்டியைத் தோப்புக்கே கொண்டாந்து ஓட்டிக் காட்டுறதா ஏற்பாடாச்சு.

லாரியில வந்து இறங்குச்சு ரெண்டும். ஒண்ணு செவப்பு, பெட்ரோல் வண்டி, பளபளன்னு மாப்பிள்ளை மாதிரி. இன்னொண்ணு பாசி நெறம், டீசல், மூஞ்சியே உம்முன்னு. கூட வந்த கடைக்காரத் தம்பி பேரு கிளமென்ட். டை கட்டிக்கிட்டு வந்திருந்துச்சு. இந்தப் புழுக்கத்துல தோப்புக்கு டை கட்டிக்கிட்டு வந்த முதல் ஆளு அதுதான்.

"சார், இந்த செவப்பு சும்மா பறக்கும் சார். அறுபது கிலோமீட்டர் சாதாரணமா போகும்."

"தோப்புக்குள்ள அறுபதுல எங்க தம்பி போறது, நேரா கடலுக்கா?" ன்னேன்.

பின்னால ஆனந்தவல்லி சிரிச்சுட்டா. வள்ளின்னு நாங்க கூப்பிடுற அவதான் எங்க தோப்புல காய் பொறுக்குற பொம்பளைங்களுக்கு மேஸ்திரி, புயல் அன்னைக்கு என்கூட நின்னவ. கிளமென்ட்டுக்கு சிரிப்பு வரல. "தொட்டியோட பின்கதவு கீழ இறங்குமா தம்பி?" ன்னு கேட்டேன். "இறங்கும் சார்," ன்னுச்சு மச்சானைப் பாத்து. "எவ்வளவு எடை தாங்கும்?" அதுக்கும் பதில் அவருக்குத்தான். கேக்குறவ ஒருத்தி, பதில் ஒருத்தருக்கு. நான் என்ன காத்துல பேசுறேனா?

சரி, வாயால கேட்டாதானே பதில் வராதுன்னு வள்ளியை விட்டு ஒரு மூட்டையைத் தூக்கி வைக்கச் சொன்னேன். செவப்புல தொட்டி நெஞ்சு ஒசரத்துல இருந்துச்சு. வள்ளி முக்கி முனகி, நெஞ்சுக்கு மேல தூக்கித்தான் உள்ள தள்ளுனா. பாசி வண்டியில இடுப்பு ஒசரம்தான், அலுங்காம உக்காந்துச்சு மூட்டை. அப்புறம் சீட்டு. செவப்புல ரெண்டும் தனித்தனிக் குழி சீட்டு, படி ஒசரம். சேலை கட்டிக்கிட்டு ஏறணும்னா ஏத்தி விட ஒரு ஆள் வேணும். பாசியில ஒரே நீள சீட்டு, மூணு பொம்பளைங்க தாராளமா உக்காரலாம்.

"மச்சான், இதுதான் நமக்கு..." ன்னு ஆரம்பிச்சேன்.

"ஜன்னத்து, வண்டி விஷயத்தை நான் பாத்துக்கிறேன். நீ தம்பிக்கு டீ போடச் சொல்லு."

கடிஞ்சு பேசல. சாதாரணமாத்தான் சொன்னாரு. அதுதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. இன்னைக்கு வண்டி, நாளைக்கு தண்ணி மொறை, நாளன்னிக்கு காய் வெலை. எல்லாத்தையும் அவரு பாத்துக்குவாரு, நான் டீ போடச் சொல்லுவேன். வள்ளி என் மூஞ்சியப் பாத்துட்டு நவுந்து நின்னுக்கிட்டா.

ஆனா அதுக்குள்ள ஒண்ணைப் பாத்தேன். மச்சான் செவப்பு வண்டியோட ஸ்டேரிங்கைத் தடவிக்கிட்டு நின்னாரு. "அங்கயும் இதே செவப்பு," ன்னாரு, தனக்குத்தானே. "முதலாளி பசங்களை ஏத்திக்கிட்டு ஓட்டுவேன். ஒருநாள்கூட எனக்குன்னு ஓட்டுனதில்ல." என் கோவத்துல பாதி இறங்கிருச்சு. பாதிதான். மனுசன் ஆசைப்படுறது தப்பில்ல. அந்த ஆசைக்காக வள்ளி நெஞ்சுக்கு மேல மூட்டை தூக்கணுமா?

ஏறி உக்காந்தாரு. கிளம்புனாரு பாருங்க, மாஷா அல்லா, என்ன லாவகம்! மரத்துக்கு மரம் வளைச்சு, வரப்பேறி இறங்கி, ஒரு மட்டையில இடிக்காம சுத்துனாரு. வள்ளி ஆளுங்க எல்லாம் வேலையை விட்டுட்டு வேடிக்கை பாத்தாங்க. என் புருசன்னு எனக்கே பெருமையாத்தான் இருந்துச்சு. அப்படியே சும்மா இருந்திருக்கலாம். வாய்க்காலை ஒட்டின பள்ளத்துப் பக்கம் வண்டியைத் திருப்பிட்டாரு.

"மச்சான், அங்க போகாதீங்க! அந்தக் களி இன்னும் காயல!"

"மணல்லயே ஓட்டுனவன் நான்!" ன்னு கத்திக்கிட்டே உள்ள விட்டாரு.

வளைகுடாவுலேர்ந்து திரும்புற எங்க ஊரு ஆம்பளைங்க அத்தனை பேரும் முதல் மழைக்குப் பண்ற தப்பு இது. மணல்ல வண்டி தயங்குச்சுன்னா மிதிக்கணுமாம், வேகத்தை விட்டா புதைஞ்சுருமாம். அங்க அது சரி. எங்க களியில மிதிச்சீங்கன்னா தீர்ந்துச்சு கதை. சக்கரம் ஒரே எடத்துல சுத்திச் சுத்தி மண்ணை வழுவழுன்னு மெழுகிரும். அப்புறம் தானே குழி தோண்டித் தானே இறங்கும். மச்சான் மிதிச்சாரு. சேறு தென்னை ஒசரத்துக்குப் பறந்துச்சு. வண்டி இறங்குச்சு. இன்னும் மிதிச்சாரு. இன்னும் இறங்குச்சு. கடைசியில வயிறு தரையில ஒக்காந்து, மாப்பிள்ளை வண்டி அப்படியே நின்னுருச்சு.

கிளமென்ட் டையைக் கழட்டிருச்சு. "நான் இன்னொரு வண்டியை எடுத்துக் கட்டி இழுக்குறேன் சார்!" ன்னு ஓடிப் போய் பாசி வண்டியில ஏறுச்சு.

"நில்லு தம்பி. நீயும் போய் மாட்டிக்கிட்டா ரெண்டையும் இழுக்க யானையா கொண்டாருவே? எறங்கு."

அது ஒரு நிமிசம் பள்ளத்துல இருந்த மச்சானைப் பாத்துச்சு. அப்புறம் எறங்கிருச்சு.

"வள்ளி, காஞ்ச மட்டையை அள்ளிப் போடு, கரையிலேர்ந்து பள்ளம் வரைக்கும், ரெண்டு வரிசை. நாலு மூட்டைக் காயை இந்தத் தொட்டியில ஏத்து, பின் சக்கரம் நல்லா அழுந்தணும்." வருஷா வருஷம் மழையில டி.வி.எஸ். பிப்டி மாட்டுனா நாங்க பண்றதுதான், இது கொஞ்சம் பெரிசு. நான் ஏறி உக்காந்தேன். பவர் டில்லர் ஓட்டுன கைக்கு இது என்ன பெரிய வித்தை? "தம்பி, இருக்குறதுலயே மெதுவான கியர் எது? நாலு சக்கரமும் இழுக்க எதைப் போடணும்?" இந்தத் தடவை என் மூஞ்சியப் பாத்துத்தான் பதில் சொல்லுச்சு.

வண்டியை ரிவர்ஸ்ல மட்டை மேல விட்டேன். ரெண்டு வண்டிக்கும் கயித்தைக் கட்டுனாங்க. "மச்சான், நீங்க மிதிக்காதீங்க. ஸ்டேரிங்கை நேரா பிடிச்சுக்கிட்டு சும்மா உக்காருங்க!" ன்னு கத்துனேன். பிஸ்மி சொல்லி, காலை மெல்ல வெச்சேன். டீசல் வண்டி உறுமல, முனகுச்சு. மட்டை நெறுநெறுன்னு நொறுங்குச்சு. கயிறு விறைச்சுது. ஒரு இழுப்புக்கும் அவசரப்படல நான். களிக்கு அவசரமே ஆகாது. உறிஞ்சி வெச்சிருந்த சேறு 'பொளக்'குன்னு விட்டுச்சு பாருங்க, செவப்பு வண்டி கன்னுக்குட்டி மாதிரி பின்னாலயே வந்துருச்சு! வள்ளி குலவை போட்டா. யா அல்லா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சு.

மச்சான் இறங்கி வந்தாரு. புருவம் வரைக்கும் சேறு, கண்ணு மட்டும்தான் வெள்ளையா தெரிஞ்சுது. சொல்றதுக்கு எங்கிட்ட ஒரு மூட்டை இருந்துச்சு. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா அத்தனை பேர் முன்னால என் புருசனை நான் விட்டுக்குடுப்பேனா?

கிளமென்ட் தயங்கித் தயங்கிக் கேட்டுச்சு. "சார்... அப்ப எந்த வண்டின்னு..."

"என்னை ஏன் தம்பி கேக்குறீங்க?" ன்னாரு மச்சான். சட்டை முனையால மூஞ்சியைத் துடைச்சாரு, சேறு இன்னும் பரவுச்சு. "தோப்பு ஜன்னத்தோடது. அதுகிட்டயே கேளுங்க."

வள்ளி ஆளுங்க, கிளமென்ட், லாரிக்காரர், எல்லாருக்கும் கேக்குற மாதிரிதான் சொன்னாரு. "பாசி வண்டிதான்," ன்னேன், என் குரல் எனக்கே புதுசா இருந்துச்சு. "இறக்குனது இறக்குனதாவே இருக்கட்டும். திருப்பி ஏத்த வேண்டாம்."

அவங்க செவப்பைக் கழுவி லாரியில ஏத்திக்கிட்டிருந்தாங்க. அவரு அந்தப் பக்கமே திரும்பல. என் வண்டியைச் சுத்தி வந்து, சீட்டோட மறுபக்கம் நின்னாரு.

"சேறா இருக்கேன். உக்காரலாமா?"

"வண்டியே சேத்துக்குத்தான். ஏறுங்க."

மெதுவா ஓட்டுனேன். சவுக்கு மேடு, தேக்கு வரப்பு, அப்புறம் இளந்தென்னை. லீவுல வந்து பாத்த தோப்புதான், ஆனா அவரு இப்பதான் பாக்குற மாதிரி ஒவ்வொரு மரமா அண்ணாந்து பாத்துக்கிட்டு வந்தாரு. இது எப்ப வெச்சே, இதுக்கு எங்கேர்ந்து கண்ணு கொண்டாந்தே, இங்க தண்ணி எப்படி ஏறுது. கேட்டுக்கிட்டே வந்தாரு, நானும் சொல்லிக்கிட்டே வந்தேன்.

"ஜன்னத்து."

"ம்?"

"நாளைக்கு எனக்கு என்ன வேலை?"

வண்டியை நிறுத்திட்டேன். கண்ணைத் துடைச்சா பாத்துருவாரேன்னு நேரா முன்னாலயே பாத்துக்கிட்டிருந்தேன். ஆனா முதலாளியம்மா அழுதா வேலை நடக்குமா?

"விடியக்காலையில சுபுஹு தொழுதுட்டு நேரா வந்துருங்க," ன்னேன். "வள்ளி ஆளுங்களோட சேர்ந்து மட்டை அள்ளணும். லேட்டா வந்தா வேலை கிடையாது, சொல்லிட்டேன்."