ஒரு நாள் முந்தி வந்த வாடை

கார்த்திகையில் புயல் கரையேறிப் போன மறுநாள் விருத்தாசலத்தில் வாடைக்காற்று இறங்கியது. அன்றிலிருந்து அம்சவல்லியின் உடம்புக்கு நாளைய குளிரும் நாளைய காற்றும் இன்றைக்கே வந்து சேர்ந்தன. ஊரே போர்வைக்குள் நடுங்கும்போது அவள் முந்தானையால் வியர்வையைத் துடைப்பாள். மறுநாள் வெயில் காயும். உச்சி வெயிலில் அவளுக்குப் பல் கிட்டினால் மறுநாள் வாடை. பீங்கான் பட்டறையில் களிமண் பிசைந்துகொண்டிருந்தவளை முதலாளி மாணிக்கவேல் எழுப்பி, பொம்மை உலர்த்தும் களத்தோரம் நிற்க வைத்தார். வாடை பட்டால் சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மை சட்டென்று உலர்ந்து விரிசல் விடும். முந்தின சாயங்காலமே ஈரச்சாக்கு போர்த்த வேண்டும். "நாளைக்கு எப்படிம்மா?" என்பார். "காலையில பனி, அப்புறம் வடக்குக் காத்துங்க" என்பாள். அப்படியே அடித்தது.

சங்கடம் வீட்டில்தான். புருஷன் தர்மராஜ் படுக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்வான். "சுடுதாடி?"

"இது நேத்தே சுட்டுடுச்சு. இப்ப சுடுறது நாளைக்குப் புடிக்கப்போற கை."

"அப்ப இன்னிக்கு நான் எதுக்குடி?" என்று சிரிப்பான். மார்கழியில் சிரிப்பு நின்றுபோய்க் கேள்வி மட்டும் மிஞ்சியது.

தை பிறந்து ஒருநாள், அவளுக்குக் குளிரும் வரவில்லை, சூடும் வரவில்லை. இரவு அவன் பிடித்த கையும் தெரியவில்லை. மாலையிலேயே, "நாளைக்குக் காத்தே இல்லீங்க" என்று களத்தில் சொல்லியிருந்தாள். சாக்குகள் மடித்தபடி கிடந்தன. விடிந்ததும் அதுவரை அடிக்காத வேகத்தில் வாடை அடித்தது. களத்துப் பொம்மைகள் அத்தனையும் கழுத்தில் விரிந்தன. தர்மராஜ் துணிப்பையோடு வேப்பூர் பஸ்ஸில் ஏறிப் போயிருந்தான்.

"என்னம்மா இப்படி ஆயிடுச்சு?" என்றார் மாணிக்கவேல்.

"ஒண்ணுமே தெரியாததக் காத்து சமாச்சாரம்னு நெனச்சிட்டேங்க. அவரு போறதுன்னு தெரியல."

அவள் வாடையில் நின்றாள், அது அவள்மேல் படவில்லை. அதன்பின் அவள் உடம்புக்கு எதுவும் முந்தி வரவில்லை; தினமும் பொம்மைகளை உள்ளே வைத்துச் சாக்கு போர்த்தினார்கள்.

மாசியில் ஒரு மத்தியானம் வலது உள்ளங்கையில் மட்டும் சூடு வந்தது. கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சூளை அடுக்கிக்கொண்டிருந்த தங்கதுரை பார்த்துவிட்டான்.

"என்னக்கா, அண்ணன் வராரா?"

களத்தில் வேலை நின்றது. அவள் காத்திருந்தாள். சூடு மணிக்கட்டுக்கு ஏறி, கழுத்துக்கு வந்து, முதுகெல்லாம் பரவியது.

"இல்ல தங்கதுரை, நாளைக்கு வெயிலுதான்" என்றாள். "பொம்மைய வெளிய வச்சிடலாம்."

அவர்கள் ஆளுக்கொரு பலகையாகத் தூக்கி வைத்தார்கள்.